பழைய போர்ஷே 911 காரை சஃபாரி காராக மாற்றுவது: உயரத்தைக் கூட்டினால் மட்டும் ஏன் போதாது?

தார்ச் சாலைக்கென்று செய்யப்பட்ட பழைய போர்ஷே 911 காரை வாங்குகிறார்கள். அதைத் தரையிலிருந்து உயர்த்தி, மண்சாலை டயர் மாட்டி, முன்னால் நான்கு பெரிய விளக்குகளைப் பொருத்திக் காட்டுப்பாதையில் ஓட்டுகிறார்கள். 'சஃபாரி 911' என்று அழைக்கப்படும் இந்த மாற்றம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பத்து வருடங்களுக்கு மேலாக வளர்ந்து வருகிறது. 2022 நவம்பரில் போர்ஷே நிறுவனமே '911 டக்கார்' என்ற உயர்த்திய காரை அறிமுகப்படுத்தி, மொத்தம் 2,500 கார்கள்தான் என்று அறிவித்தது. அதே சமயத்தில் லம்போர்கினியும் ஹுரகான் ஸ்டெராட்டோவை 1,499 கார்கள் என்ற வரம்போடு கொண்டுவந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு சந்தேகம் வருவது இயல்பு. ஸ்போர்ட்ஸ் காரின் பலமே தாழ்வாக இருப்பதுதான் என்றால், அதை உயர்த்துவதில் என்ன அர்த்தம்? நாற்பது வருடப் பழைய காரை வெட்டி ஒட்டினால் அது கெட்டுப்போகாதா? இரண்டுக்கும் பதில், காரின் எந்தப் பாகம் எவ்வளவு அடியைத் தாங்குகிறது என்ற கணக்கில் இருக்கிறது. வெளியே தெரியும் விளக்குக்கும் பம்பருக்கும் இதில் சின்னப் பங்குதான். அடியில் நடக்க வேண்டிய வேலையை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் கூட்டிய 911, எந்த மாற்றமும் செய்யாத 911 காரைவிட மண்சாலையில் மோசமாக ஓடும்.

## தாழ்வாக இருப்பதற்கும் உயர்த்துவதற்கும் உள்ள காரணங்கள்

கார் வளைவில் திரும்பும்போது அதன் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பதைப் புவியீர்ப்பு மையத்தின் உயரம் தீர்மானிக்கிறது. அந்த மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரை 5 செ.மீ. உயர்த்தினால், அதே வளைவில் அதே வேகத்தில் மாறும் எடை 10 சதவீதம் கூடும். இதனால்தான் தார்ச் சாலையில் தாழ்ந்த கார் வேகமாகத் திரும்புகிறது.

மண்சாலையில் கணக்கு வேறு. அங்கே டயருக்குப் பிடிமானம் குறைவு என்பதால் வளைவில் எட்டக்கூடிய வேகமும் குறைவு. எடை மாற்றம் அவ்வளவு பெரிய பிரச்சினையாக இருக்காது. பள்ளமும் கல்லும்தான் பிரச்சினை. இதைப் புரிந்துகொள்ள மூன்று சொற்கள் போதும்.

1. கிரவுண்ட் கிளியரன்ஸ்: காரின் அடியில் மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி.
2. சஸ்பென்ஷன் பயணம்: சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்தத் தூரம். கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே போகும் தூரம் ஒன்று, பள்ளத்தில் கீழே தொங்கும் தூரம் இன்னொன்று. இரண்டும் தேவை.
3. ஷாக் அப்சார்பர்: ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. ஸ்பிரிங் எழுந்து எழுந்து ஆடாமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. இந்த இரண்டு வேலையும் வேறு வேறு என்பது பின்னால் மிக முக்கியமாகும்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடினால் கல் இடிக்காது. ஆனால் கார் மேட்டில் ஏறிக் குதித்து இறங்கும்போது காப்பாற்றுவது சஸ்பென்ஷன் பயணம். ஒரு எளிய கணக்கு: கார் 30 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது. சக்கரம் மேலே போக 5 செ.மீ. மட்டுமே இடம் இருந்தால், நிற்பதற்குள் சஸ்பென்ஷனும் பாடியும் தாங்க வேண்டிய சராசரி விசை காரின் எடையைப் போல 7 மடங்கு. 20 செ.மீ. இடம் இருந்தால் அது 2.5 மடங்காகக் குறைந்துவிடும். ஒரே கார், ஒரே குதிப்பு. ராலி கார் செய்கிறவர்கள் உயரத்தைவிடப் பயணத்தைப் பற்றியே அதிகம் கவலைப்படுவதற்கு இதுதான் காரணம்.

## ஏன் 911?

1963 இல் ஃப்ராங்ஃபர்ட்டில் முதலில் காட்டப்பட்ட 911 காரில் எஞ்சின் பின்பக்க ஆக்சிலுக்கும் பின்னால் இருக்கிறது. காரின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின்சக்கரங்கள் மேல் விழுகிறது. அந்தச் சக்கரங்கள்தான் காரைத் தள்ளுகின்றன. வழுக்கும் தரையில் தள்ளும் சக்கரத்தின் மேல் எடை இருப்பது பெரிய உதவி. பனியிலும் இது உதவியது: மோண்டே கார்லோ ராலியை 911 கார் 1968, 1969, 1970 என மூன்று வருடம் தொடர்ந்து வென்றது.

இன்னொரு குணமும் உண்டு. வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் 911 காரின் பின்பக்கம் வெளியே சுழலும். தார்ச் சாலையில் புதியவர்களைப் பயமுறுத்திய குணம் இது. மண்சாலையில் தேர்ந்த ஓட்டுநர்கள் காரைத் திருப்புவதற்கே இதைப் பயன்படுத்துவார்கள்.

சஃபாரி என்ற பெயர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1953 இல் தொடங்கிய சஃபாரி ராலி கென்யாவையும் சுற்றியுள்ள நாடுகளையும் கடந்து ஓடியது. மழைக்காலத்தில் சேறு, வெயிலில் மாவு போன்ற புழுதி, குறுக்கே வரும் மாடுகள் என எல்லாம் அதில் உண்டு. வேகமான காரைவிட உடையாத காருக்கே அங்கே மதிப்பு. 1974 இல் ஸ்வீடனின் பியோர்ன் வால்டெகார்ட் 911 காரில் இரண்டாவதாக வந்தார். முதலிடம் கென்யாவின் ஜோகிந்தர் சிங் ஓட்டிய மிட்சுபிஷி லான்சருக்கு. 1978 இல் போர்ஷே, விளம்பரதாரரான மார்ட்டினி மதுபான நிறுவனத்தின் நிறக் கோடுகள் போட்ட இரண்டு 911 எஸ்சி கார்களை அனுப்பியது. விக் பிரெஸ்டன் ஜூனியர் இரண்டாமிடம், வால்டெகார்ட் நான்காமிடம். உலக சாம்பியன்ஷிப் கணக்கிலான சஃபாரி ராலியை 911 ஒருபோதும் வெல்லவில்லை. இன்றைய சஃபாரி 911 கார்கள் அநேகமாக எல்லாமே தோற்றத்தில் பின்பற்றுவது தோற்றுப்போன அந்த 1978 கார்களைத்தான் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

பாலைவனத்தில் நிலைமை மாறியது. 1984 பாரிஸ்-டக்கார் ராலிக்கு 953 என்ற பெயரில் நான்கு சக்கரமும் இயங்கும் மூன்று 911 கார்களைப் போர்ஷே தயாரித்தது. வழியில் கிடைக்கும் மட்டமான பெட்ரோலைத் தாங்குவதற்காக 3.2 லிட்டர் எஞ்சினின் கம்ப்ரஷனைக் குறைத்திருந்தார்கள்; பவர் 225 குதிரைத்திறன்தான். ரெனே மெட்ஜும் டொமினிக் லெமுவானும் அதில் வென்றார்கள். கென்யாவின் கணக்கும் ஒருவகையில் தீர்ந்தது. பழைய கார்களுக்காக நடக்கும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி கிளாசிக் ராலியை 2011 இல் வால்டெகார்ட் தன் மகன் மத்தியாஸுடன் 911 காரில் வென்றார். அப்போது அவருக்கு வயது 68.

## டார்ஷன் பார்: மாற்றத்தின் முதல் முடிச்சு

1989 வரை தயாரான பழைய உடலமைப்பு 911 கார்களில் நாம் வழக்கமாகப் பார்க்கும் சுருள் ஸ்பிரிங் கிடையாது. அதற்குப் பதில் டார்ஷன் பார் என்ற எஃகுக் கம்பி இருக்கும். அதன் ஒரு முனை பாடியில் பிடித்திருக்கும். மறுமுனை சக்கரத்தைத் தாங்கும் கையோடு சேர்ந்திருக்கும். சக்கரம் மேலே போனால், ஈரத்துணியைப் பிழிவதுபோல அந்தக் கம்பி முறுக்கப்படும். அது திரும்ப விறைப்பதே ஸ்பிரிங்கின் வேலையைச் செய்கிறது. முன்பக்கம் இந்தக் கம்பிகள் காரின் நீளவாக்கில் இருக்கும். பின்பக்கம் ஒரு குறுக்குக் குழாய்க்குள் இடதும் வலதுமாக இருக்கும்.

இதன் வசதி என்னவென்றால், எந்தப் பாகமும் வாங்காமல் காரின் உயரத்தை மாற்றலாம். முன்பக்கம் ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் போதும். பின்பக்கம் கொஞ்சம் நுட்பமான வேலை. கம்பியின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44 பற்கள் இருக்கும். உள்முனையை ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை. வெளிமுனையை எதிர்த்திசையில் ஒரு பல் நகர்த்தினால் சுமார் 8.2 பாகை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் மிச்சம் 0.8 பாகைதான். பற்களின் எண்ணிக்கையை வேறுவேறாக வைத்ததால், இரண்டு முரட்டு அளவுகளிலிருந்து ஒரு நுண்ணிய அளவு கிடைக்கிறது. இடதுபக்கக் கம்பியை வலதுபக்கம் போடக்கூடாது. முறுக்கு எந்தத் திசையில் வரும் என்று பார்த்து முன்கூட்டியே பதப்படுத்தப்பட்டவை அவை.

கம்பியைத் தடிமனாக்கினால் என்ன ஆகும்? டார்ஷன் பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 19 மி.மீ. கம்பியை எடுத்துவிட்டு 21 மி.மீ. போட்டால் விட்டத்தில் வித்தியாசம் 2 மி.மீ.தான், ஆனால் விறைப்பு ஏறத்தாழ 50 சதவீதம் கூடிவிடும். 'பெரிய கம்பி போட்டால் பலம்' என்று நினைத்து அளவுக்கு மீறிப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அளவுக்கு மேல் விறைத்த சஸ்பென்ஷன் கல்சாலையில் சக்கரத்தைத் தரையோடு ஒட்டவிடாது. கார் துள்ளிக்கொண்டே போகும்.

## பழைய ஷாக் அப்சார்பரோடு உயர்த்தினால் நடப்பது

ஸ்க்ரூவைத் திருகிக் காரை 5 செ.மீ. உயர்த்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அதனால் வருவது என்ன என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. கீழ்நோக்கிய பயணம் போய்விடும். பாடி மேலே போனால் ஷாக் அப்சார்பர் நீண்டுவிடும். நிற்கும்போதே பாதிக்கு மேல் நீண்டுவிட்ட ஷாக், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது முழுவதும் நீண்டு 'டொக்' என்று முட்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த அடி ஷாக்கின் உள்ளேயும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டிலும் விழும். நீளமான ஷாக் இல்லாமல் உயர்த்துவது, மொத்தப் பயணத்தைக் கூட்டாமல் கீழே இருந்ததை எடுத்து மேலே கொடுப்பதுதான்.

2. சக்கரத்தின் சாய்வு மாறும். 911 காரின் பின்சக்கரக் கை சாய்வான அச்சில் சுழல்கிறது. சக்கரம் கீழே தொங்கத் தொங்க அதன் மேல்பகுதி வெளியே சாயும். கேம்பர் எனப்படும் இந்தக் கோணமும், சக்கரம் நேராகப் பார்க்கிறதா என்று சொல்லும் டோ கோணமும் மாறிவிடுவதால் முழு வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

3. ஸ்டியரிங் தானாகத் திரும்பும். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பிகள் ஏறத்தாழ கிடையாக இருக்க வேண்டியவை. காரை உயர்த்தியதும் அவை கீழ்நோக்கிச் சாயும். அப்போது சக்கரம் மேலும் கீழும் ஆடும்போதெல்லாம் கம்பி இழுத்துச் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிவிடும். மேடு பள்ளத்தில் கை வைக்காமலே கார் அங்குமிங்கும் இழுக்கும். இதைச் சரிசெய்ய ஸ்டியரிங் பெட்டியின் உயரத்தையோ கம்பி சேரும் இடத்தையோ மாற்ற வேண்டும்.

4. ஆக்சில் மூட்டுகள் மடங்கும். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் இரு முனையிலும் உள்ள சிவி ஜாயின்ட் ஒரு கோணம் வரைதான் நிம்மதியாகச் சுழலும். உயர்த்திய காரில் அது எப்போதும் மடங்கியே ஓடுவதால் சூடாகும், கிரீஸ் கெடும், மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழியும். 911 காரை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு நடைமுறை எல்லையைப் போடுவது பெரும்பாலும் இந்த மூட்டுதான்.

## பாரம் போகும் பாதை

என்னைக் கேட்டால் சஃபாரி மாற்றத்தின் மையம் இங்கே இருக்கிறது. நல்ல வேலைக்கும் மேம்போக்கான வேலைக்கும் வித்தியாசம் தெரிவதும் இங்கேதான்.

அசல் 911 காரில் எடையைத் தாங்குவது டார்ஷன் பார். அந்தப் பாரம் பின்பக்கம் குறுக்குக் குழாய்க்கும், முன்பக்கம் அடித்தளத்தோடு சேர்ந்த கட்டமைப்புக்கும் போகிறது. இரண்டும் காரின் மிக உறுதியான இடங்கள். ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியில் பிடித்திருக்கும் இடத்துக்கு ஆட்டத்தை அடக்கும் விசை மட்டும்தான் வரும். அதற்கேற்ற தகடுதான் அங்கே இருக்கிறது.

நீண்ட பயணம் வேண்டும் என்பதற்காகப் பலர் டார்ஷன் பாரைக் கழற்றிவிட்டு, சுருள் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்த காயில்ஓவரைப் போடுகிறார்கள். போடலாம், நல்ல பலன் கிடைக்கும். ஆனால் அந்த நொடியிலிருந்து காரின் முழு எடையும், குதித்து இறங்கும் அடியும், ஷாக் பிடித்திருக்கும் அந்த மெல்லிய இடத்துக்கு மாறிவிடுகிறது. முன்னே பார்த்த கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்: எடையைப் போல இரண்டரை மடங்கு, சில சமயம் அதற்கும் மேல், தன் வாழ்நாளில் எடையே தாங்காத ஒரு தகட்டின் மேல். முதலில் பெயின்ட்டில் மயிரிழைக் கீறல் தெரியும். அப்புறம் ஸ்பாட் வெல்டிங் விட்டுப்போகும், தகடு மேல்நோக்கிப் புடைக்கும்.

அதனால் முறையாகச் செய்கிறவர்கள் சஸ்பென்ஷனைத் தொடுவதற்கு முன் பாடியைத் தொடுகிறார்கள். ஷாக் மேல்முனையைச் சுற்றிக் கூடுதல் தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்கள். முடிந்தால் அதை உள்ளே உள்ள ரோல் கேஜின் குழாயோடு இணைத்து, பாரம் காரின் எலும்புக்கூடு முழுக்கப் பரவச் செய்கிறார்கள். ரோல் கேஜ் கார் உருண்டால் ஆளைக் காப்பாற்றும் கூண்டு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ராலி காரில் அது சஸ்பென்ஷனின் ஒரு பகுதியும் கூட. பழைய பாடி முறுக்கிக்கொண்டால் எந்த விலையுயர்ந்த ஷாக்கும் வேலை செய்யாது.

ஒரே ஷாக்கின் மேல் எல்லாச் சூடும் விழாமல் பங்கிடுவது இன்னொரு வழி. கலிபோர்னியாவின் சிங்கர் நிறுவனம் பிரிட்டனின் ரிச்சர்ட் டட்ஹிலுடன் சேர்ந்து, 964 வகை (பழைய உடலமைப்புக்கு அடுத்து வந்த) 911 காரை அடிப்படையாக வைத்து 2021 இல் வெளியிட்ட 450 குதிரைத்திறன் மண்சாலைக் காரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு ஷாக்குகள் இருந்தன. ஷாக் அப்சார்பர் அசைவைச் சூடாக மாற்றும் கருவி. கல்சாலையில் மணிக்கணக்காக ஓடும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் கொதித்து நீர்த்துப்போனால் அடக்கும் சக்தி போய்விடும்.

சாதாரணச் செலவில் மாற்றுகிறவருக்கு என் கருத்து இது: டார்ஷன் பாரை வைத்துக்கொண்டு, சற்றே தடித்த கம்பியும் நீளமான நல்ல ஷாக்கும் போட்டு, மிதமாக உயர்த்தினால் போதும். பாரம் போர்ஷே வகுத்த பாதையிலேயே போகும். அந்த அமைப்பின் மேல் ஓடிய 911 கார்கள்தான் கென்யாவில் பெயர் வாங்கின.

## டயரில் ஒரு கணக்கு

ஸ்டியரிங் கோணமோ ஆக்சில் கோணமோ கெடாமல் கிரவுண்ட் கிளியரன்ஸைக் கூட்ட ஒரே வழி பெரிய டயர். 911 எஸ்சி காரின் முன்பக்க அசல் டயர்களில் ஒன்று 185/70 அளவு, 15 அங்குல ரிம். அதன் விட்டம் 640 மி.மீ. சஃபாரி கார்களில் புழங்கும் 215/75 அளவு, அதே 15 அங்குல டயரின் விட்டம் ஏறத்தாழ 704 மி.மீ. விட்டத்தில் 64 மி.மீ. கூடினால் காரின் உயரம் அதில் பாதி, அதாவது 32 மி.மீ. கூடும். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் கல்லில் மோதும்போது ரிம் நெளிவதும் குறையும். நவீன 18, 19 அங்குலப் பெரிய ரிம்மைத் தவிர்த்து 15 அங்குலத்துக்குப் போவது இதற்காகத்தான்.

இதற்கு விலையும் உண்டு. டயர் 10 சதவீதம் பெரியது என்றால் எல்லா கியரும் 10 சதவீதம் நீண்டுவிடும். மேட்டில் இழுவை குறையும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது கார் 66 இல் போய்க்கொண்டிருக்கும். கனமான டயரைச் சுழற்ற எஞ்சினுக்கும், நிறுத்தப் பிரேக்குக்கும் வேலை கூடும். மட்கார்டில் இடிக்கும் என்பதால் அதன் உள்விளிம்பை மடிக்கவோ வெட்டவோ வேண்டி வரலாம். அசல் காரை விட்டு விலகும் முதல் வெட்டு பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

## அடிப்பாகம்: ஆயில் போகும் வழி, சூடு வெளியேறும் வழி

911 எஞ்சினில் ஆயில் எஞ்சினுக்கு அடியில் தேங்காமல் தனி டேங்கில் இருக்கும். இதை டிரை சம்ப் என்பார்கள். கார் எவ்வளவு சாய்ந்தாலும் பம்புக்கு ஆயில் கிடைக்கும் என்பதால் மேடு பள்ளத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் எஸ்சி போன்ற கார்களில் அந்த டேங்க் வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஆயில் கூலர் வலது முன்சக்கரத்தின் மட்கார்டுக்குள் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் உலோகக் குழாய்கள் காரின் வலது ஓரமாக, கதவுக்குக் கீழே, வெளியே தெரியும்படி ஓடுகின்றன. ஒரு கூரான கல் அந்தக் குழாயைக் கிழித்தால் சில நிமிடத்தில் ஆயில் முழுவதும் போய்விடும். ஓட்டுநர் கவனிக்கத் தவறினால் எஞ்சினும் போய்விடும். காப்புத் தகடு பற்றிப் பேசும்போது எல்லோரும் முன்பக்கத்தையும் எஞ்சினையும் நினைக்கிறார்கள். இந்த வலது ஓரத்தைத்தான் முதலில் மூட வேண்டும்.

எஞ்சினுக்கு அடியில் ஸ்கிட் பிளேட் எனப்படும் அலுமினியத் தகட்டைப் போடும்போதும் ஒரு சிக்கல். இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது, காற்றால் குளிர்கிறது. மேலே இருக்கும் ஃபேன் காற்றை சிலிண்டர்களைச் சுற்றியுள்ள மெல்லிய உலோக இதழ்களுக்கு இடையே தள்ளும். சூடான காற்று அடிப்பக்கமாக வெளியேறும். அடியை முழுத் தகட்டால் அடைத்துவிட்டால் அந்தச் சூடு அங்கேயே சுழலும். கல்லிலிருந்து காப்பாற்றிய எஞ்சினைச் சூட்டில் கொன்றதாகிவிடும். தகட்டில் பின்நோக்கித் திறந்த துவாரங்கள் இருக்க வேண்டும். சேறு அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பார்க்க வேண்டும். சிலிண்டர் இதழ்களில் காய்ந்த மண்ணும் இதே கெடுதலைச் செய்யும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு சக்கரம் காற்றில் தூக்கினால் எல்லாப் பவரும் அதற்கே போய்விடாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், நான்கு சக்கர இயக்கம் இல்லாத காருக்கு மிக அவசியம். 100 வாட் ஹாலஜன் விளக்குகள் நான்கு என்றால் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். ரிலே இல்லாமல் பழைய ஸ்விட்சில் நேராக இணைத்தால் வயர் உருகும். கூரையில் கேரியர் வைத்து அதில் ஸ்டெப்னி டயரை ஏற்றுவது படத்துக்கு அழகு, ஆனால் எடையை மிக மோசமான இடத்தில் வைக்கும் செயல். 911 காரின் முன்பக்க டிக்கியில் அதற்கு இடம் இருக்கிறது.

## இது காரைக் கெடுப்பதா?

எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. 1973 மாடல் கரேரா ஆர்எஸ் 2.7 மொத்தம் 1,580 மட்டுமே செய்யப்பட்டது. அதை வெட்டினால் திரும்பக் கிடைக்காத ஒன்று போய்விடும். 1978 முதல் 1983 வரை வந்த 911 எஸ்சியோ சுமார் 58,000. அதற்குப் பின் 1989 வரை வந்த கரேரா 3.2 சுமார் 76,000. அதிலும் எஞ்சின் மாறிய கார்கள், விபத்தில் அடிபட்டவை, பெயின்ட் போய்ச் சீரழிந்தவை நிறைய உண்டு. இவைதான் சஃபாரி மாற்றத்துக்குப் பொருத்தமானவை. பாடி முழுவதும் துத்தநாகப் பூச்சு பெற்றது 1976 மாடலிலிருந்துதான் என்பதால், துரு குறைந்த அடித்தளம் வேண்டுபவர்களும் இந்தக் காலக் கார்களையே தேடுகிறார்கள்.

இரண்டாவது கேள்வி, திரும்ப மாற்ற முடியுமா என்பது. ஷாக், டார்ஷன் பார், டயர், ஸ்கிட் பிளேட், பம்பர், விளக்கு எல்லாம் போல்ட்டில் போகக்கூடியவை. ஒரு வாரத்தில் அசலுக்குத் திரும்பிவிடலாம். வெல்டிங் செய்த கேஜ், வெட்டிய மட்கார்டு, நகர்த்திய ஷாக் மவுண்ட் ஆகியவை திரும்பாதவை. கெட்டியாகச் செய்ய வேண்டும் என்றால் வெல்டிங் வேண்டும், மதிப்பைக் காக்க வேண்டும் என்றால் கூடாது. இந்த இழுபறிக்கு நடுவழி இல்லை. வாரக்கடைசியில் காட்டுப்பாதையில் போகிறவருக்குப் போல்ட் போதும். கென்யாவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போட்டியில் ஓடப்போகிற காரை வெல்டிங் இல்லாமல் அனுப்புவது ஆபத்து.

மூன்றாவது, காகிதம். ஜெர்மனியில் சஸ்பென்ஷன் உயரத்தை மாற்றினால் தொழில்நுட்பச் சோதனையில் ஒப்புதல் வாங்கி வாகன ஆவணத்தில் பதிய வேண்டும். முப்பது வருடம் கடந்த கார்களுக்கு அங்கே கிடைக்கும் 'எச்' எழுத்துப் பதிவெண், கார் பெருமளவு அசலாக இருந்தால்தான் நிலைக்கும்.

தொழிற்சாலை 911 டக்காரோடு இதை ஒப்பிட்டால் ஒரு விஷயம் தெளிவாகும். அதன் கிரவுண்ட் கிளியரன்ஸ் 161 மி.மீ.; பட்டனை அழுத்தினால் 30 மி.மீ. கூடி 191 மி.மீ. ஆகும். 480 குதிரைத்திறன் இருந்தும், மண்சாலை டயர் காரணமாக உச்ச வேகத்தை 240 கி.மீ.க்குக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். எல்லாக் கருவியும் கையில் வைத்திருக்கும் போர்ஷேவே இந்த அளவோடுதான் நிறுத்தியது. 40 வருடப் பழைய காரை அதற்கும் மேலே தூக்கி நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

## மாற்றிய காரை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வெளித்தோற்றத்தைப் பார்த்து விலை கேட்காமல், காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லிக் கீழிருந்து தொடங்க வேண்டும்.

1. சக்கரங்கள் காற்றில் தொங்கும்போது சிவி ஜாயின்ட் பூட் கிழியாமலும், தண்டு எங்கும் உரசாமலும் இருக்கிறதா?
2. கார் தரையில் நிற்கும்போது ஷாக் அப்சார்பரின் தண்டு எவ்வளவு வெளியே நிற்கிறது? இன்னும் நீளக் கணிசமான இடம் இல்லை என்றால் அது உயர்த்தி மட்டும் விடப்பட்ட கார்.
3. காயில்ஓவர் போட்டிருந்தால், ஷாக் மேல்முனையைச் சுற்றிக் கூடுதல் தகடும் வெல்டிங்கும் இருக்கிறதா? பெயின்ட்டில் கீறலோ, தகட்டில் புடைப்போ தெரிகிறதா?
4. வலது ஓரத்து ஆயில் குழாய்களில் நசுங்கலோ, மூட்டுகளில் கசிவோ இருக்கிறதா? அவற்றை மூடும் காப்புத் தகடு இருக்கிறதா?
5. ஸ்கிட் பிளேட்டில் காற்று வெளியேற வழி இருக்கிறதா? அதைக் கழற்றி மேலே எஞ்சினில் மண் அடைந்திருக்கிறதா என்று பார்க்க விற்பவர் சம்மதிக்கிறாரா?
6. சமதளச் சாலையில் ஓட்டிப் பார்த்தால் போதாது. மேடு பள்ளம் உள்ள சாலையில் 40 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துப் போக வேண்டும். சக்கரம் கையில் அங்குமிங்கும் இழுத்தால் ஸ்டியரிங் கோணத்தை யாரும் சரிசெய்யவில்லை.
7. கழற்றிய அசல் டார்ஷன் பார், பம்பர், ரிம் ஆகியவை காரோடு வருகின்றனவா? அவை தனியாக விற்கப்பட்டிருந்தால், பிறகு அசலுக்குத் திரும்பும் செலவை இப்போதே விலையில் கழித்துப் பேச வேண்டும்.